பார்த்துத் தாங்க: கல்முனைக் கரையில் வாகனம் திருத்தும் கூலி

துணி வெளுப்பவரிடம் ஒருவர் துணியைக் கொடுக்கிறார். கூலி பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. துணி வெளுத்து வந்துவிட்டது. இப்போது கூலி உண்டா, இல்லையா? 13ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த இமாம் நவவி (1233–1277) தமது ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ நூலில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறார். அவர் முதலில் வைக்கும் தீர்ப்பு, அதாவது ஷாஃபிஈ மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்றில்) வலுவானதாகக் கொள்ளப்படும் தீர்ப்பு, இன்றைக்குக் கேட்பவரைத் திடுக்கிட வைக்கும்: கூலி இல்லை. பேசப்படாத கூலியைக் கொடுக்கும் கடமை யாருக்கும் கிடையாது. அதன் பிறகு மாற்றுக் கருத்துகள் வருகின்றன. கூலி உண்டு என்பது ஒன்று. அந்த வேலையைச் செய்பவர் என்று பெயர் பெற்றவரானால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்பது இன்னொன்று; இதை நல்ல கருத்தாகக் கொள்ள இடமுண்டு என்று ஒரு சிறு குறிப்பும் கூடவே வருகிறது.

ஏழரை நூற்றாண்டு கழித்து, ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் மக்கள் வாழும் இலங்கையின் தென்கிழக்குக் கரையில், இதே வழக்கு தினமும் வீட்டு முற்றங்களில் நடக்கிறது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஏ-4 நெடுஞ்சாலையில் கோத்து வைத்த ஊர்கள். துணியின் இடத்தில் வான், கார், ஓட்டோ. அஸர் தொழுதுவிட்டு வந்த பாஸ் பொனட்டைத் தூக்குகிறார். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம் எஞ்சின் ஓடுகிறது. “எவ்வளவு காக்கா?” என்று கேட்கிறார் வாகனக்காரர். கையைத் துடைத்துக்கொண்டே பதில் வருகிறது: “நீங்க பார்த்துத் தாங்க.”

பாஸ் என்று எழுதும்போது பட்டணத்து வாசகர் முதலாளியை நினைக்கக்கூடும். இது வேறு. கைத்தொழிலில் தேர்ந்தவரைக் குறிக்கும் ‘பாஸ்’ என்ற டச்சுச் சொல் ஒல்லாந்தர் காலத்திலிருந்து இலங்கையில் தங்கிவிட்டது. மேசன் பாஸ், மர வேலைக்குப் பாஸ், வாகனத்துக்கும் பாஸ். நான் இங்கே பேசுவது சொந்தக் கராஜ் இல்லாத பாஸைப் பற்றி. கருவிப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு தேடி வருபவர். பகலில் ஒரு கராஜில் சம்பளத்துக்கு நின்றுவிட்டு மாலையில் தனக்கென்று வேலை செய்பவர். வளைகுடாவில் பத்து வருடம் பாரவூர்திகளோடு மாரடித்துவிட்டு ஊர் திரும்பியவர். பலகை இல்லை, பில் புத்தகம் இல்லை. தொலைபேசி இலக்கம் வாய்வழியே பரவும்.

கராஜ்காரருக்கும் விலை சொல்வது இலகுவல்லதான். ஆனாலும் அவருக்கு ஒரு கூரையும் மேசையும் இருக்கின்றன. மேசைக்குப் பின்னால் இருப்பவர் தொகை சொன்னால் அது கடையின் விலை. முற்றத்தில் குந்தியிருப்பவர் தொகை சொன்னால் அது அந்த மனிதரின் ஆசையாகிவிடுகிறது.

ஊரின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் வேலிக்கு வேலி ஒட்டிய வீடுகள். திருத்தக் கொடுப்பவர் மச்சானாக இருப்பார், இல்லையென்றால் மச்சானின் மச்சான், அதுவும் இல்லையென்றால் மகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பக்கத்து ஸஃப்பில் நிற்கப்போகிறவரிடம் “ஆறாயிரம்” என்று சொல்ல நாக்கு எழாது. அவருக்கும் அதே சங்கடம். முன்கூட்டியே விலை கேட்டால் நம்பிக்கை இல்லாதவர் போலத் தோன்றும். ஆகவே இருவரும் அந்த இரண்டு சொல்லுக்குள் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

ஒதுங்கியதற்கு நட்டம் ஒருவருக்குத்தான். “பார்த்துத் தாங்க” என்று சொன்னால் சிலர் கூட்டித் தருவார்கள், சிலர் குறைத்துத் தருவார்கள், சராசரியில் சரியாகிவிடும் என்று பாஸ் நினைக்கிறார். ஆகாது. கூட்டித் தந்தவருக்கு அந்தத் தொகை மனதில் கனக்கிறது. அடுத்த தடவை சின்னச் சத்தம் கேட்டால் கூப்பிடத் தயங்குகிறார், அல்லது வேறு இடத்தில் விசாரிக்கிறார். குறைத்துத் தந்தவர் தயங்காமல் கூப்பிடுகிறார். நாலைந்து வருடத்தில் பாஸின் தொலைபேசியில் எஞ்சி நிற்பவர்கள் பெரும்பாலும் குறைத்துத் தருபவர்களே. வேலை நிறைய இருக்கிறது, கையில் ஒன்றுமில்லை என்ற புலம்பலுக்கு இது பாதிக் காரணம் என்பது என் எண்ணம்.

ஒரு சின்ன வேடிக்கை. ‘கைக்கூலி’ என்ற சொல் இந்த மண்ணில் வேறொன்றைக் குறிக்கும்: திருமணத்தின்போது பெண்வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் பணம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அந்தச் சொல்லை அப்படியே எடுத்து வரையறுத்து வைத்திருக்கிறது. மாப்பிள்ளையின் கைக்கு வரும் கூலியை நாலு பேர் முன்னிலையில் சதம் பிசகாமல் பேசி முடிக்கும் சமூகம், கை செய்த வேலைக்கான கூலியைப் பேசக் கூச்சப்படுகிறது.

கூலி பேசுவது இங்கே பொதுவாகவே அருவருப்பான காரியம் என்றும் சொல்ல முடியாது. மருதமுனையில் கைத்தறி நெய்பவருக்கு எத்தனை சாரம், எத்தனை சேலை என்று எண்ணிக் கூலி. தையல்காரர் சட்டைக்கு இவ்வளவு என்று சொல்வார், யாரும் முகம் சுளிப்பதில்லை. சம்மாந்துறை வயலில் அறுவடை மெஷின் ஏக்கர் கணக்கில் ஓடுகிறது. இவற்றுக்கெல்லாம் கண்ணால் காணும் ஓர் அளவு இருக்கிறது. வாகனத் திருத்தத்துக்கு அந்த அளவு இல்லை. “வாகனம் சூடாகுது” என்று இரண்டு பேர் ஒரே நாளில் வருகிறார்கள். ஒருவருக்கு ரேடியேட்டர் மூடி பழுது. பத்து நிமிட வேலை. மற்றவருக்கு ஹெட் கேஸ்கட் போய்விட்டது. எஞ்சின் தலையைக் கழற்றி, லேத்தில் கொடுத்து மட்டம் எடுத்து, திரும்பப் பூட்ட இரண்டு நாள். இருவர் வாயிலும் ஒரே முறைப்பாடு. திறந்து பார்க்கும் முன் எந்த விலையைச் சொல்வது?

இதைவிட ஆழமான ஒரு சிக்கலும் உண்டு. 1973இல் மைக்கல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். சில பொருள்களின் தரத்தை வாங்கும் முன்பே பார்த்து அறியலாம். சிலவற்றை வாங்கிப் பாவித்த பின் அறியலாம். மூன்றாவது வகையைப் பாவித்த பிறகும் அறிய முடியாது, நம்ப மட்டுமே முடியும் என்று பிரித்தார்கள். மூன்றாவது வகைக்கு அவர்கள் கையாண்ட உதாரணங்களில் வாகனத் திருத்தமும் ஒன்று. வாகனம் ஓடுகிறது என்பது தெரிகிறது. மாற்றிய சாமானை மாற்றத்தான் வேண்டியிருந்ததா என்பது தெரியவே போவதில்லை. நோயையும் மருந்தையும் ஒரே ஆள் சொல்கிறார். இங்கே நல்ல பாஸ்மார் கழற்றிய பழைய சாமானைப் புதியது வந்த பெட்டியிலேயே போட்டு வாகனக்காரர் கையில் கொடுப்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அது புதியது போட்டதற்கு மட்டுமே சாட்சி. பழையது கெட்டிருந்ததற்குச் சாட்சியாகாது.

சந்தேகம் வந்து உட்காரும் இந்த இடத்தில்தான் கூலி ஒளிந்துகொள்கிறது.

கல்முனையில் கிடைக்காத சாமானைக் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பார்கள். மருதானைக்குப் பக்கத்தில் தெருக்கள் முழுக்க உதிரிப்பாகக் கடைகள். தொலைபேசியில் சொல்லி, காசைப் போட்டால், பொதி இராப் பஸ்ஸில் ஏறி விடிய ஊருக்கு வந்துவிடும். கடைக்காரர் பாஸுக்கு ஒரு விலை, பில்லில் ஒரு விலை போடுவார். இடைவெளி பாஸுக்கு. இதைத் திருட்டு என்று சொல்வதா? நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். நாலு கடைக்குத் தொலைபேசி எடுத்தது, சாமானின் இலக்கத்தைத் தேடிப் பிடித்தது, விடியற்காலை பஸ்ஸுக்குக் காத்து நின்றது எல்லாம் வேலைதான். அந்த வேலைக்குத் தனியாகக் காசு கேட்டால் யாரும் தர மாட்டார்கள். பெட்டியில் அடைத்த பொருளுக்குக் கேட்டால் தருவார்கள். கையால் தொட்டுப் பார்க்க முடிகிற ஒன்றுக்குத்தான் விலை கொடுக்கிறோம் என்ற மனநிறைவு வருகிறது. ஆக, உழைப்புக்குக் கிடைக்காத கூலி பொருளின் விலைக்குள் போய்ப் பதுங்குகிறது.

பதுங்கிய கூலிக்கு இரண்டு கேடு. ஒன்று, பெரிய சாமான் போட்டால்தான் வருமானம். வயரை இறுக்கிவிட்டால் ஒன்றுமில்லை. திறமையால் சாமான் செலவைத் தவிர்த்த பாஸுக்குத் தண்டனை. அடுத்தது, என்றைக்காவது வாகனக்காரர் கடையில் நேரே விசாரிப்பார். இடைவெளி வெளியே வந்துவிடும். அதுவரை செய்த நேர்மையான வேலைகளும் சேர்ந்து நாறும். பிறகு அவர் தானே சாமான் வாங்கி வருவார். ஜெனுயின், ஜப்பான் ரீகண்டிஷன், தாய்வான், இந்தியா, சைனா என்று ஒரே சாமானில் இத்தனை சாதி. மலிவானதை வாங்கி வருகிறார். மூன்று மாதத்தில் போய்விடுகிறது. “நீங்க பூட்டினதுதானே” என்கிறார்.

வெளிநாட்டில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் சில்டன், மிட்செல் போன்றவை வெளியிடும் நேரக் கையேடுகள் உண்டு. இந்த வாகனத்துக்கு கிளட்ச் தட்டு மாற்ற இத்தனை மணி என்று அதில் இருக்கும். கராஜின் மணி விலையை அந்த நேரத்தால் பெருக்கினால் கூலி. வேகமாக முடிப்பவருக்கு இலாபம், இழுப்பவருக்கு நட்டம், வாகனக்காரருக்குத் தொகை முன்பே தெரியும். நம் ஊர்ப் பிள்ளைகள் இப்போது கைப்பேசியில் அந்த நேரங்களைத் தேடிப் பார்க்கிறார்கள். பார்க்கலாம், ஆனால் அப்படியே எடுத்து வைக்க முடியாது. கடற்காற்று அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. நெடுஞ்சாலையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கடல் இருக்கும் ஊரில், பதினைந்து வருடம் உப்புக்காற்றில் நின்ற வானின் கீழ்ப்பக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஷொக் அப்சோபரின் நட்டு துருவில் ஒட்டி, ஒன்றே உருவானது போல நிற்கும். எண்ணெய் ஊற்றி, சூடு காட்டி, கடைசியில் வெட்டி எடுக்க வேண்டும். ஒரு மணி வேலை மூன்று மணியாகும். போல்ட் முறிந்தால் அதற்கு வேறு செலவு. புத்தக நேரத்துக்கு மேல் துருவுக்கென்று ஒரு பங்கு வைக்காத கணக்கு இந்தக் கரையில் செல்லாது. அதை வேலை தொடங்கும் முன், கீழே படுத்து, போல்ட்டைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் சாக்குப்போக்கு.

வாகனங்களின் வயதுக்கு அரசாங்கமும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. ஏறக்குறைய ஐந்து வருடம் நாட்டுக்குள் இருந்ததையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். அந்த ஐந்து வருடம் பாஸ்மாருக்குப் பொற்காலமாக இருந்திருக்க வேண்டும். வேலை கூடியது உண்மை. கூலி அந்த அளவுக்குக் கூடவில்லை. காரணம், அந்தக் காலத்தின் நடுவில்தான் 2022 வந்தது.

2022 மார்ச்சில் மத்திய வங்கி பிடியை விட்டதும், 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் கடைசியில் லீற்றர் 470 ரூபாய். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. சாமானின் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சாமான் விலை ஏறியதை வாகனக்காரர் ஒத்துக்கொண்டார். பெட்டியில் புதிய விலை ஒட்டியிருந்தது, டொலர் என்றால் எல்லோருக்கும் விளங்கியது. கூலிக்கு அப்படி ஓர் ஒட்டுத்துண்டு இல்லையே. “கூலி ஏன் கூடுது, அது டொலர்லயா வருது?” என்ற கேள்விக்கு அரிசி விலையைத் தவிர வேறு பதில் இல்லை. பலர் சாமானுக்குள் இன்னும் கொஞ்சம் பதுக்கினார்கள்.

சரி, முற்றத்துப் பாஸ் எவ்வளவு கேட்க வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. அவரவர் தம் எண்களை மாற்றிக்கொள்ளலாம். வீட்டுச் செலவு மாதம் 90,000 ரூபாய். கருவி தேய்மானம், ஸ்கேனர் தவணை 10,000. மோட்டார் சைக்கிள் பெற்றோலும் தொலைபேசியும் 12,000. திரும்பி வரும் வேலைகளுக்கு, அதாவது செய்தது சரிவராமல் இலவசமாகத் திருப்பிச் செய்வதற்கு, 8,000. மொத்தம் 120,000. வெள்ளிக்கிழமைகளைக் கழித்து, கலியாணம், ஜனாஸா என்று போகும் நாள்களையும் விட்டால் மாதம் 24 நாள். ஆக நாளுக்கு 5,000. இந்த இடம் வரை எல்லோரும் சரியாக வந்துவிடுகிறார்கள். பிழை அடுத்த படியில் நடக்கிறது. நாளுக்கு எட்டு மணி என்று வைத்து, மணிக்கு 625 ரூபாய் என்று முடிவு கட்டுகிறார்கள். இரண்டு மணி வேலைக்கு 1,250 கேட்கிறார்கள்.

எட்டு மணியும் கையில் ஸ்பானர் இருப்பதில்லை. சாமான் தேடியது, வாகனக்காரர் வரும்வரை வேலியோரம் நின்றது, ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஓடியது, “ஒரு சத்தம் கேட்குது, வந்து பாருங்களேன்” என்றதற்குப் போய்ப் பார்த்துத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தது எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்கும். உண்மையில் கூலி கேட்கக்கூடிய நேரம் ஐந்து மணி இருந்தால் பெரிது. மாதத்துக்கு 120 மணி. அப்படிப் பார்த்தால் மணிக்கு 1,000 ரூபாய் வர வேண்டும். 625க்கும் 1,000க்கும் நடுவில் உள்ள 375தான் சாமான் பில்லுக்குள் ஒளிந்திருக்கும் தொகை. பாஸைக் கள்ளன் என்பவர்களுக்கும், தன் கணக்கு ஏன் ஒட்டவில்லை என்று விளங்காமல் நிற்கும் பாஸுக்கும் இந்த ஒரே எண்ணில் பதில் கிடக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று: 2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய், நாளுக்கு 1,200. அனுபவம் இல்லாத கையாளுக்கும் சட்டம் கொடுக்கும் தளம் அது. அதிலிருந்து எத்தனை மடங்கு மேலே தன் வேலை நிற்கிறது என்று பாஸ் சொல்லியாக வேண்டும். தொழிற்பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவரும் பல வருட வேலையைக் காட்டி, முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். பெற்றவர்கள் உண்டு. கூலி பேசும்போது யாரும் அதைக் கேட்டுப் பார்ப்பதில்லை. வெளிநாட்டு விசாவுக்குத்தான் அது உறையிலிருந்து வெளியே வருகிறது.

நோய் கண்டுபிடிப்பதற்குத் தனிக் காசு கேட்பது இங்கே முன்பு நினைத்தும் பார்க்க முடியாத காரியம். காதை வைத்துக் கேட்டு, கையை வைத்து அதிர்வைப் பிடித்து, “இது பெல்ட் டென்ஷனர்” என்று சொல்லும் பாஸுக்கு அந்தச் சொல்லுக்காக ஐந்து சதம் வராது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, எங்கே தட்டுவது என்று தெரிந்ததற்குப் பெரிய பில் போட்ட பொறியியலாளரின் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதை பிடிப்பதில்லை. அதில் பில் போவது ஒரு தொழிற்சாலைக்கு. மச்சானுக்குப் போயிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

நிலைமையை மாற்றியது ஸ்கேனர். புதிய ஜப்பான் கார்கள் வந்த பிறகு, வயரைச் செருகித் திரையில் பிழை இலக்கம் பார்க்காமல் வேலை தொடங்க முடியாமல் போனது. சைனாவில் செய்த கருவிகள் கைக்கெட்டும் விலைக்கு வந்தன. “ஸ்கேன் பண்ண இவ்வளவு” என்று தனியாகக் கேட்டால் இப்போது யாரும் முணுமுணுப்பதில்லை. விசித்திரம் என்னவென்றால், ஸ்கேனர் நோயைச் சொல்வதில்லை. ஒக்சிஜன் சென்ஸர் பிழை என்று திரை காட்டும். சென்ஸர் கெட்டதா, புகைக்குழாயில் ஓட்டையா, எலி வயரைக் கடித்ததா என்பதைப் பாஸின் தலைதான் சொல்ல வேண்டும். பெட்டியின் பார்வைக்குக் காசு உண்டு, மனிதரின் பார்வைக்கு இல்லை. ஆனாலும் நான் இதை ஒரு நல்ல வாசலாகவே பார்க்கிறேன். ஸ்கேன் காசு என்ற பெயரில், வரலாற்றில் முதல் தடவையாக, ‘பார்த்ததற்கான கூலி’ இந்த ஊர்களில் வாய்விட்டுக் கேட்கப்படுகிறது. கெட்டிக்காரர்கள் அந்தப் பெயருக்குள் தங்கள் முதல் அரை மணியையும் சேர்த்துவிடுகிறார்கள். சேர்க்கட்டும்.

ஹைபிரிட் கார்கள் இன்னொரு பாடம் நடத்துகின்றன. டொயோட்டா ப்ரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கார்களில் பெரிய பெட்டரி 28 துண்டுகளால் ஆனது, ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், எல்லாம் சேர்ந்து 201.6 வோல்ட். அதே டொயோட்டாவின் அக்வாவில் 20 துண்டு, 144 வோல்ட். ஒரு துண்டு தளர்ந்தாலே எச்சரிக்கை விளக்கு எரியும். பஞ்சிகாவத்தையில் பழைய துண்டு ஒன்றை வாங்கி மாற்றினால் விளக்கு அணையும். செலவு குறைவு, வாகனக்காரருக்குச் சந்தோஷம். ஆனால் மீதி 27 துண்டுகளும் அதே வயதுக்காரர்கள். நாலு மாதத்தில் அடுத்தது தளரும். வாகனக்காரரின் கணக்கில் அது அதே நோய். பாஸின் கணக்கில் வேறு நோய். இருவருமே பொய் சொல்லவில்லை. இதைக் கூலிக்குள் கொண்டுவர ஒரே வழி, இரண்டு விலை சொல்வது: ஒரு துண்டு மாற்ற இவ்வளவு, விளக்கு மறுபடி எரிந்தால் நான் பொறுப்பில்லை, முழுப் பெட்டரியும் மாற்ற இவ்வளவு, ஆறு மாதத்துக்கு நான் பொறுப்பு. பொறுப்புக்கு ஒரு விலை இருக்கிறது என்று வாகனக்காரருக்கு அப்போதுதான் தெரியும். 200 வோல்ட்டில் வெறுங்கை வைப்பவரின் உயிருக்கும் ஒரு விலை உண்டு. கையுறை இல்லாமல் இந்த வேலை செய்யும் இளைஞர்களைக் காணும்போது, குறைந்த கூலி எங்கே போய் முடிகிறது என்று பயம் வருகிறது.

பொறுப்பு பற்றிச் சட்டமும் பேசுகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, ஒரு சேவையைத் தருபவர் தக்க கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்வார் என்ற உத்தரவாதம் சொல்லாமலே ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. பில் கொடுக்காதவருக்கு அந்தப் பொறுப்பு இல்லை என்று நினைப்பது தப்பு. அதேவேளை, கூலி வாங்கும் உரிமைக்குச் சட்டம் தரும் பழைய ஆயுதம் ஒன்று முற்றத்துப் பாஸின் கையில் இல்லை. இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன்-டச்சுச் சட்டத்தில், பொருளைத் திருத்தியவர் கூலி வரும்வரை அதைத் தன் வசம் வைத்துக்கொள்ளலாம். கையை விட்டுப் போனால் அந்த உரிமையும் போய்விடும். கராஜ்காரர் சாவியை மேசை லாச்சியில் போட்டுக்கொள்கிறார். முற்றத்தில் வேலை செய்பவரிடம் வாகனம் ஒரு கணமும் இருந்ததில்லை. அவர் போகும்போது அது அங்கேயே நிற்கிறது. ஒல்லாந்தர் இரண்டு விடயங்களை விட்டுப் போனார்கள், பாஸ் என்ற பெயரையும் பாஸின் கூலிக்கான பாதுகாப்பையும். முற்றத்தாருக்குப் பெயர் மட்டுமே வந்து சேர்ந்தது. ஆகவே அவர் பாதிக் காசை, குறைந்தது சாமான் காசு முழுவதையும், முதலில் வாங்கிக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வயல்காரர்களிடம் இது சிக்கல். “வெள்ளாமை வெட்டினதும் தாறேன்” என்பது இங்கே நேர்மையான வாக்கு. பெரும்போகம் மாசி, பங்குனியில் வெட்டி முடியும். சிறுபோகம் ஆடி, ஆவணியில். நடுவில் உள்ள மாதங்களில் போடியார் வீட்டிலும் கையில் காசு இருக்காது, உழவு மெஷினோ நிற்கக் கூடாது. கடனுக்குச் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் விலை ஏறும் காலத்தில் ஆறு மாதக் கடன் என்பது கூலியில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது. வட்டி கேட்க மார்க்கம் விடாது. உடன் விலை ஒன்று, தவணை விலை ஒன்று என்று தொடக்கத்திலேயே இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொள்வதைப் பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். கடையில் தளபாடம் வாங்கும்போது நமக்குப் பழகிய முறைதான் அது. தொடங்கிய பின் கூட்டத்தான் முடியாது.

மார்க்கச் சட்டத்திடமிருந்து கடன் வாங்க இதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. கூலி ஒப்பந்தங்களை ஃபிக்ஹு இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று இஜாரா: வேலையும் கூலியும் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். மற்றது ஜுஆலா: வேலை எவ்வளவு என்று தெரியாமல் இருக்கலாம், ஆனால் பரிசுத்தொகை தெரிந்திருக்க வேண்டும், காரியம் முடிந்தால்தான் அது கிடைக்கும். காணாமல் போன அரசரின் பாத்திரத்தைக் கொண்டு வருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று யூஸுஃப் நபியின் வரலாற்றில் வரும் அறிவிப்பை இதற்கு ஆதாரம் காட்டுவார்கள். தேடுபவர் எத்தனை நாள் தேடுவார் என்று யாருக்கும் தெரியாது. ஒட்டகச் சுமை மட்டும் நிச்சயம்.

முற்றத்துப் பாஸின் துன்பம் எல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்ததால் வந்தது என்பேன். கிளட்ச் தட்டு மாற்றுவது இஜாரா. நேரம் தெரியும், துருவுக்கான பங்கும் தெரியும், தொகையை முன்பே சொல்லலாம். “எப்பவாவது ஒரு நாள் ஸ்டார்ட் ஆகுதில்ல” என்ற முறைப்பாடு ஜுஆலாவுக்கு உரியது. எத்தனை மணி போகும் என்று எந்த மனிதராலும் சொல்ல முடியாது. அதற்கு மணிக் கூலி கேட்டால் வாகனக்காரர் மிரளுவார். கேட்காமல் போனால் பாஸ் மூன்று நாள் சும்மா உழைப்பார். அதற்கு ஒரு தொகையை முன்கூட்டிப் பேசி, கண்டுபிடித்துச் சரிசெய்தால் முழுவதும், இல்லாவிட்டால் முதலில் பேசிய ஸ்கேன் காசு மட்டும் என்று முடித்துக்கொள்ளலாம். ஒரே வாகனத்தில் இரண்டு ஒப்பந்தம்: பார்ப்பது ஒன்று, கண்டுபிடிப்பது ஒன்று. மச்சானுக்குக் குறைக்க விரும்பினால் தாராளமாகக் குறைக்கலாம், தொகையைச் சொல்லிவிட்டு. 6,000, உங்களுக்கு 4,000 என்றால் அந்த 2,000 அன்பளிப்பு. “பார்த்துத் தாங்க” என்று விட்டு 4,000 வாங்கினால் அந்த 2,000 எங்கே போனது என்று இருவருக்கும் தெரியாது.

வாகனத் திருத்தத்துக்கு விலையை முன்பே பேசும் பழக்கம் இந்த ஊர்களில் இல்லவே இல்லை என்று முடித்திருப்பேன், ஒன்றைக் கவனிக்காமல் இருந்திருந்தால். கவனிக்க வைத்தது ஓர் ஆய்வு. மேகன் பஸ்ஸி, அயலெட் இஸ்ரேலி, ஃப்ளோரியன் செட்டல்மேயர் ஆகிய மூவர் 2017இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்றில் ஆண்களையும் பெண்களையும் கராஜ்களுக்குத் தொலைபேசி எடுத்து விலை கேட்க வைத்தார்கள். சந்தை விலை தெரியாதவர் போலப் பேசிய பெண்களுக்கு, அப்படியே பேசிய ஆண்களைவிடக் கூடுதல் விலை சொல்லப்பட்டது. இவ்வளவு ஆகும் என்று எதிர்பார்க்கிறேன் என ஒரு தொகையைச் சொன்னதும் அந்த வித்தியாசம் மறைந்தது. இதை வாசித்தபோது எனக்குக் கட்டாருக்குப் போனவர்களின் வீடுகள் நினைவுக்கு வந்தன. அங்கே காரோ ஓட்டோவோ நின்றுவிட்டால் வீட்டுக்கார ராத்தா பாஸுக்கும் சொல்லி, கணவருக்கும் சொல்கிறார். பாஸ் பழுதான சாமானைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். தோஹாவிலிருந்து குரல் வருகிறது: “சாமான் எவ்வளவு, கூலி எவ்வளவு, சொல்லிட்டுச் செய்ங்க தம்பி.” வாகனக்காரர் முற்றத்தில் இல்லை. கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, ஜும்ஆவில் பக்கத்தில் நிற்கப் போவதுமில்லை. பாஸ் கொஞ்சம் தள்ளிப்போய், வேலியோரம் நின்று, கைப்பேசியை வாயருகே வைத்து, சாமானுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு, இரண்டு நாள் ஆகும் என்று இருபது விநாடியில் சொல்லி முடிக்கிறார். அடுத்த தெருவில், அவர் வாப்பாவின் தம்பியின் வான் நேற்றிலிருந்து பொனட் திறந்தபடி நிற்கிறது. அதற்கு இன்னும் விலை பேசவில்லை.